இரண்டு முறை திரும்பி வந்த பல்

எங்கள் லேபில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. செய்து அனுப்பிய பல் டாக்டரிடமிருந்து ஒரு முறை திரும்பி வரலாம். இரண்டாவது முறையும் வரலாம். மூன்றாவது முறை வந்தால், அதற்கு ஃபினிஷிங் செய்தவர் தன் சேரை விட்டு எழுந்து பிளாஸ்டர் ரூமுக்குப் போய்விட வேண்டும். எத்தனை நாளைக்கு என்று கேட்கக் கூடாது, முதலாளிக்கு மனசு இரங்குகிற வரைக்கும். எனக்கு முன்னால் அந்தச் சேரில் இருந்தவர் அப்படித்தான் போனார். ஒரு மாதம் பிளாஸ்டர் கரைத்துப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு ஈரோட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் விட்ட இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

சேலத்தில் பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கிற லேப் அது. டாக்டர் உடைந்த பல்லைத் தேய்த்து, பசையில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றினால் வாயின் மாடல் கிடைக்கும். மாடலை வைத்து மெட்டலில் ஒரு தொப்பி, தொப்பியின் மேல் செராமிக். சூளையிலிருந்து வருகிற செராமிக் பல் அப்படியே வாய்க்குப் போகாது. பக்கத்துப் பல்லை இடிக்கும், எதிர்ப்பல்லில் முட்டும், ஓரம் தடித்திருக்கும். கையில் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு அதைத் தேய்த்து, மாடலில் மாட்டி, நீலக் காகிதத்தை நடுவில் வைத்துக் கடிக்கவிட்டு, மை பட்ட இடத்தை மறுபடி தேய்த்து, கடைசியில் பளபளப்பு ஏற்றி அனுப்புவது என் வேலை. மற்ற பற்கள் சேர்வதற்கு முன்னால் இந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு முட்டினால் அதற்கு ‘ஹை’ என்று பெயர். ஒரு மயிரிழை ஹையாக இருந்தாலும் போதும், சோற்றில் கிடந்த கல் மாதிரி வாய்க்குத் தெரிந்துவிடும்.

ஆறு வருடம் பிளாஸ்டர் ரூமில் இருந்துவிட்டுத்தான் ஜன்னலோரத்து ஃபினிஷிங் சேருக்கு வந்தேன். அந்தச் சேர் எனக்கு வேண்டும். தியாகம், அடக்கம் என்றெல்லாம் எனக்கு வராது. பிளாஸ்டர் கை வெடித்து, பொங்கலுக்குக்கூட விரலிடுக்கில் வெள்ளை போகாமல் சாப்பிட்டவள் நான். ஒரு பல்லைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆறு வருடம் ஆசைப்பட்டேன். கிடைத்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில்தான் வெண்ணந்தூரிலிருந்து அந்த கேஸ் வந்தது.

அங்கே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா சின்ன வயது, கையெழுத்து அழகாக இருக்கும். சீட்டில், நாற்பத்து நாலு வயது, ஆண், மேல்வரிசை இடதுபக்கம், கடைவாய்க்கு முந்தின பல் என்று எழுதி, கீழே ‘ரிக் வண்டி டிரைவர், இந்த மாதம் வடக்கே கிளம்புகிறார்’ என்று சேர்த்திருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வடக்கே கிளம்பினால், திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். காட்டுக்குள் எங்காவது நிற்கிற வண்டியில் பல் டாக்டருக்கு எங்கே போவது? அதனால் கவனமாகவே செய்தேன். என் மாடலில் மாட்டிப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ‘ஹை. தேய்த்ததில் மெட்டல் தெரிந்துவிட்டது. புதிதாகச் செய்யவும்.’

சரி, யானைக்கும் அடி சறுக்கும். டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் கீழும் புதிதாக அளவெடுத்து அனுப்பினார். மறுபடி மாடல், மறுபடி பல். இந்த முறை என் மாடலில் காகிதத்தைக் கடிக்கவிட்டு இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற அளவுக்குத் தாராளமாகவே தேய்த்துவிட்டேன். அதுவும் திரும்பி வந்தது, செராமிக் ஒரு மூலையில் பெயர்ந்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே கிளினிக்குக்கு போன் போட்டேன்.

“மேடம், இங்க மாடல்ல பேப்பர்கூடப் புடிக்கலீங்க. அவரு வாயச் சரியா மூடறாரான்னு பாத்தீங்களா?”

“அவரு வாய அவரு நல்லாத்தான் மூடறாருங்க அக்கா. உங்க பல்லுதான் மூட உடமாட்டேங்குது” என்றார் டாக்டர்.

போனை வைத்துவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று லேப் முழுவதும் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் லேபில் செராமிக் வைப்பது அவர்தான். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, “ரெண்டாச்சும்மா” என்றார். அவ்வளவுதான். பிளாஸ்டர் ரூமிலிருந்து அங்கே வேலை செய்கிறவன் தலையை நீட்டி, “அக்கா, உங்க பழைய ஏப்ரனத் தொவச்சு மடிச்சு வெச்சிருக்கறேனுங்க” என்றான். அவனும் அந்தச் சேரின் மேல் கண் வைத்திருப்பவன்தான். தப்பில்லை, நானும் வைத்திருந்தேனே. ஆனால் அன்றைக்கு அவன் மண்டையில் மாடலைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

மூன்றாவது அளவு திங்கட்கிழமை வந்தது. டாக்டர் இந்த முறை சீட்டில் எழுதவில்லை, போனிலேயே சொல்லிவிட்டார். டிரைவர் வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறார், அன்று மத்தியானம்தான் கிளினிக்குக்கு வர முடியும், வண்டி சர்வீஸில் நிற்கிறது. “இந்தத் தடவையும் முட்டுச்சுன்னா உங்க பல்லத் தொடமாட்டேங்க அக்கா. எதுக்க இருக்கற கீழ்ப்பல்லக் கொஞ்சம் தேச்சு உட்டுட்டு, மாட்டி அனுப்பிடுவேன். ஆனா அதையும் திரும்பி வந்த கணக்குலதான் நான் வெப்பேன்” என்றார். குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே என்னுடைய ஒரு பெருமையைச் சொல்லியாக வேண்டும். அளவெடுக்கும்போது பசையில் காற்று சிக்கிக்கொண்டால் அங்கே ஒரு குழி விழும். ஊற்றுகிற பிளாஸ்டர் அந்தக் குழிக்குள் போய், மாடலில் பல்லின் மேல் கடுகு போல ஒரு மணியாக நிற்கும். அதை நாங்கள் பபுள் என்போம். அது வாயில் இல்லாதது, மாடலில் மட்டும் இருக்கிற பொய். கத்தி முனையால் சுண்டினால் தெறித்துவிடும். ஆறு வருடத்தில் என் கட்டைவிரலுக்குத் தப்பிய பபுள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லுவேன். ஃபினிஷிங்குக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. எந்த மாடல் மேசைக்கு வந்தாலும் முதலில் ஒரு தடவல், ஒரு சுண்டல், பிறகுதான் வேலை.

மூன்றாவது மாடலையும் அப்படித்தான் எடுத்தேன். கீழ்வரிசை. கட்டைவிரல் போன போக்கில் ஓர் இடத்தில் நின்றது, இடதுபக்கப் பல் ஒன்றின் நட்டநடுவில் ஒரு மணி. கத்தியை எடுத்தேன். மேலே வைத்தும்விட்டேன். அப்போதுதான் கைக்கு ஞாபகம் வந்தது. இதே இடத்தில் போன முறையும் கத்தி வைத்த மாதிரி இருந்தது.

முடியாத கேஸின் மாடல்களை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை, அலமாரியில் இருக்கும். பழைய இரண்டையும் எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே பல், அதே நடு. கத்தி சுரண்டிய சின்ன வட்டம். இரண்டு வட்டமும் ஒரே அளவு. பக்கத்தில் மூன்றாவது மாடல், அதே இடத்தில் சுரண்டாத மணியோடு.

பல்லின் குழியில் காற்று தங்குவது வழக்கம்தான். ஆனால் மூன்று வெவ்வேறு நாள், மூன்று முறை கலக்கிய பசை. மூன்று முறையும் காற்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதே பல்லைத் தேடி வந்து அதே அளவில் உட்காருமா? அது காற்று இல்லை. அந்த மனுஷன் வாயிலேயே இருக்கிற மணி. அதை நான் இரண்டு முறை செதுக்கி எறிந்துவிட்டு, இல்லாத ஒரு வாய்க்குப் பொருத்தமாகப் பல் செய்து அனுப்பியிருக்கிறேன். என் மாடலில் முட்டவில்லை, முட்டவில்லை என்று டாக்டரிடம் சண்டை வேறு.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்! சேரிலிருந்து எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. பிறகுதான் கண்டுபிடித்தது என் திருட்டையே என்பது புத்தியில் ஏறியது.

டாக்டருக்குப் போன் செய்து, அந்தக் கீழ்ப்பல்லில் மணி மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டேன். பார்த்த ஞாபகம் இல்லை என்றார். “நான் மேல்பல்லத்தானுங்க பாத்துட்டிருந்தேன். அவரு இனி வியாழக்கெழமதான் வருவாரு.” அதுவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைப் பார்க்காமல், ஒரு பிளாஸ்டர் மணியை நம்பித்தான் பல் செய்தாக வேண்டும்.

முதலாளியிடம் மூன்றாவது மாடலை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன். மற்ற இரண்டும் என் ஏப்ரன் பையில் இருந்தன. வீரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான்.

“இது பபுள் இல்லீங்கண்ணா. பல்லு.”

அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். “பல்லு மேல எதுக்கும்மா மணி மொளைக்குது?”

“அது தெரியலீங்க. ஆனா வாயில முட்டறது இதுலதானுங்க. இது எறங்கறதுக்கு மேல்பல்லுல ஒரு பள்ளம் உடோணுமுங்க.”

“அவ்வளவு ஆழத்துக்குச் செராமிக் நிக்காது. அடியில மெட்டல் தெரியும்.”

“தெரியட்டுமுங்க. அந்த எடத்துல மெட்டலையே பாலிஷ் பண்ணி உட்டர்றேன். மேல்பல்லு, யாரும் அண்ணாந்து பாக்கப்போறதில்லீங்க.”

அவர் கொஞ்ச நேரம் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பபுளா இருந்துச்சுன்னா? பல்லு நடுவுல மெட்டல் ஓட்டையோட ஒன்ன அனுப்பி வெச்சிருக்கறாங்கன்னு ஊரே சிரிக்கும்.”

“திரும்பி வந்தா நீங்க சொல்ல வேண்டாமுங்க. நானே எந்திரிச்சுப் போயிடறேன்.”

பிளாஸ்டர் ரூம் கதவு லேசாகத் திறந்திருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

புதன்கிழமை சூளையிலிருந்து பல் என் மேசைக்கு வந்தது. இதுவரை எத்தனையோ பற்களில் மேட்டைத் தேய்த்திருக்கிறேன், பள்ளத்துக்காகத் தேய்த்தது அதுதான் முதல். கடுகளவு உருண்டைக் கல்லை மோட்டாரில் மாட்டி, ஒரு நொடி தொட்டு, மாடலில் மாட்டி, காகிதத்தைக் கடிக்கவிட்டு, மறுபடி ஒரு நொடி. நீல மை பள்ளத்தின் ஒரு சரிவில் விழும், அங்கே தொட்டால் அடுத்த சரிவில் விழும். நேராகக் கடித்தால் சரியாக இருக்கும், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மணி பள்ளத்தின் சுவரை உரசும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது அந்த மணிக்குத்தான் பொருந்தும். மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். பள்ளத்தின் அடியில் மெட்டல் எட்டிப் பார்த்ததும், ரப்பர் சக்கரத்தால் அதைக் கண்ணாடி மாதிரி ஏற்றினேன். கடைசியில் மாடல் மூடியபோது எல்லாப் பற்களும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் நம்பினேன். ஆனால் முந்தைய இரண்டு முறையும் இதே சத்தத்தைத்தான் நம்பினேன் என்பதும் நினைவிருந்தது.

வியாழக்கிழமை பல்லை எடுத்துக்கொண்டு நானே போகிறேன் என்றேன். முதலாளி தடுக்கவில்லை. ஆட்டையாம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, ஹேண்ட்பேக்கை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே பல் ஒரு டப்பாவில், மூன்று மாடல்களும் துணியில் சுற்றி. பக்கத்தில் இருந்த அம்மா, “பத்தரமா ஏதோ கொண்டுபோறீங்களாட்டருக்குது” என்றார். பல் என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

எட்டு வருடம் பற்களோடு குடித்தனம் நடத்தியும் அதுவரை நான் அடுத்தவர் வாய்க்குள் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த வாயெல்லாம் காய்ந்த பிளாஸ்டர் வாய். கிளினிக் நாற்காலியில் டிரைவர் சாய்ந்து வாயைத் திறந்ததும் திகைத்துவிட்டேன். நாக்கு இவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளுமா? கன்னம் வந்து மறைக்கிறது, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குகைக்குள் போய் மயிரிழை வித்தியாசம் பார்க்கிற டாக்டரைத்தான் ஆடத் தெரியாதவள் என்றேன்.

டிரைவர் நல்ல உயரம், வெயிலில் கறுத்த ஆள், வேட்டியில் கிரீஸ் கறை. “வடக்க கேம்ப்புல சோத்துல கெடந்த கல்லக் கடிச்சுப் போனதுங்க. அது வரைக்கும் கல்லாட்டந்தான் இருந்துச்சு. இதுவும் முட்டுச்சுன்னா சொல்லிப்போடுங்க சாமி, நான் ஒரு பக்கமாவே மென்னுட்டுக் காலத்த ஓட்டிக்கறேன்” என்றார்.

டாக்டர் டப்பாவைத் திறந்து பல்லைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. “என்னங்க அக்கா, நடுவுல மெட்டல் தெரியுது?” அவர் பக்கத்துத் தட்டில், கீழ்ப்பல்லைத் தேய்க்க எடுத்து வைத்திருந்த மோட்டார் தயாராக இருந்தது.

“சித்த இருங்க மேடம். மாட்டறதுக்கு முன்னால அந்தக் கீழ்ப்பல்லு நடுவுல ஒருக்காப் பாருங்க.”

காற்றை அடித்து எச்சிலை உலர்த்தி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, குனிந்து பார்த்தார். டாக்டர் நிமிரவே இல்லை. பிறகு மெதுவாக, “அட!” என்றார். கண்ணாடியை எனக்காகத் திருப்பிப் பிடித்தார். விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, பல்லின் நட்டநடுவில், என் கட்டைவிரலுக்கு மூன்று முறை தெரிந்த அந்த மணி.

“சிலருக்குப் பொறவியிலேயே இப்படி இருக்குமுங்க. காலேஜ்ல படிச்சிருக்கறேன். பரிச்சைல எழுதியுமிருக்கறேன். நேர்ல வந்து நிக்கறப்பப் பாக்கல” என்றார். பிறகு தட்டிலிருந்த மோட்டாரை எடுத்துத் தூர வைத்தார். “இதுக்குள்ள நரம்பு ஏறி நிக்குமுங்க அக்கா. இன்னைக்கு நான் இதத் தேச்சிருந்தேன்னா, இவரு நடுக்காட்டுல பல்லப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரு.”

பல்லை மாட்டினார். நீலக் காகிதத்தை வைத்து, “கடிங்க” என்றார். டக்கென்று ஒரே சத்தம். இடதுபக்கம் நகர்த்தச் சொன்னார், வலதுபக்கம் நகர்த்தச் சொன்னார். பார்த்தார். எல்லாப் பற்களிலும் சமமாக நீலப் பொட்டு. தேய்க்க ஒன்றுமில்லை. ஓர் இடத்தில்கூட இல்லை.

“எப்படிங்க இருக்குது?” என்று டிரைவரைக் கேட்டார்.

அவர் இரண்டு மூன்று முறை கடித்தார். நாக்கை விட்டுத் துழாவினார். சந்தேகத்தோடு எங்கள் இருவரையும் பார்த்தார். “ஏனுங்க, இன்னும் மாட்டலீங்களா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வேலையில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. விருது கொடுத்து மாலை போட்டாலும் அது கிடையாது. நான் செய்த பல்லை ஒரு மனுஷனுக்கு வாய்க்குள்ளேயே அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் உடனே என் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “அட்ஜஸ்ட்மென்ட் ஒன்னுமே இல்லீங்க சார். அப்படியே உக்காந்துருச்சு. போன ரெண்டு தடவையும் தப்பு என்னோடதுதானுங்க, நான் கீழ்ப்பல்லச் சரியாப் பாக்கல.”

அங்கேயே விட்டிருக்கலாம். பல் உட்கார்ந்துவிட்டது, சேர் பிழைத்தது, பழியை டாக்டரே தலையில் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஊரெல்லாம் கேட்கும்படி அவரை ஏசியது என் வாய். பையிலிருந்து பழைய மாடல்கள் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

“இல்லீங்கண்ணா. மேடம் அனுப்புன அளவுல மணி சரியாத்தான் இருந்துச்சு. பபுள்னு நெனச்சு ரெண்டு தடவையும் சொரண்டி எறிஞ்சது நாந்தானுங்க. திங்கக்கெழமையே தெரியும். சொல்ல வாய் வரல.”

டாக்டர் மாடல்களில் இருந்த கத்தித் தடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிளாஸ்டர் ரூமில் மடித்து வைத்திருந்த ஏப்ரன் என் கண்ணுக்குத் தெரிந்தது. போகத் தயாராகத்தான் இருந்தேன், அது பொய்யில்லை.

“மூணாவதையும் சொரண்டீட்டியா?” என்றார் முதலாளி.

“இல்லீங்க.”

“அப்பறம் அங்கயே நின்னுட்டு என்ன பண்ற? பஸ்ஸப் புடிச்சு வா. உன்ற டேபிள்ல நாலு கேஸு கெடக்குது.”

உன்ற டேபிள் என்றார். டாக்டருக்கும் டிரைவருக்கும் அது சாதாரண வார்த்தை. நான் கிளினிக் வாசலில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெண்ணந்தூர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல நிமிர்ந்து நடந்தேன். வரும் வழியில் ஆட்டையாம்பட்டியில் இறங்கி லேபுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கினேன். முதல் முறுக்கைப் பிளாஸ்டர் ரூமுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக் கடித்தான். பிறகு ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து, நாலு கேஸில் முதலாவதை எடுத்தேன். கட்டைவிரலால் தடவினேன். ஒரு மணி தட்டுப்பட்டது. கத்தியை எடுக்காமல் போனை எடுத்தேன்.

ரிக் வண்டி எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தது. டிரைவர் வந்தார், தன் வீட்டம்மாவைப் பல் காட்ட அதே கிளினிக்குக்கு அழைத்து வந்தார் என்று டாக்டர் சொன்னார். என் பல் மட்டும் திரும்பி வரவில்லை.